இரண்டு தோல்வி, ஒரே ரெஃப்ரி: வெய்ன் பார்ன்ஸின் 16 வருஷம்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு ஏற்றபடி சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோடுல டேட்டாபேஸ் பேக்கப் பத்திப் பேசினோம். இந்த வாரம் லேப்டாப்பை மூடி வச்சிட்டு மைதானத்துக்குப் போறோம். கிரிக்கெட் இல்லை, ஃபுட்பால் இல்லை, ரக்பி. அதிலும் விளையாடுறவங்களைப் பத்தி இல்லை, விசில் ஊதுறவரைப் பத்தி.

முதல்ல ரெண்டு ஸ்கோர் சொல்றேன், மனசுல வச்சுக்கோங்க.

2007 அக்டோபர் 6, கார்டிஃப். ரக்பி உலகக் கோப்பைக் காலிறுதி. பிரான்ஸ் 20, நியூசிலாந்து 18.

2023 அக்டோபர் 28, பாரிஸ் நகரை ஒட்டிய ஸ்டேட் டி பிரான்ஸ் மைதானம். உலகக் கோப்பை இறுதி ஆட்டம். தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11.

இந்த ரெண்டு ஆட்டத்துக்கும் ரெஃப்ரி ஒருத்தர்தான். இங்கிலாந்தைச் சேர்ந்த வெய்ன் பார்ன்ஸ். முதல் ஆட்டத்தில் அவருக்கு வயது 28, இரண்டாவதில் 44. முதல் ஆட்டத்தில் கொடுத்திருக்கக் கூடாத ஒரு ட்ரையைக் கொடுத்தார். இரண்டாவதில் கொடுத்த ஒரு ட்ரையை, கேமரா பார்த்துத் திரும்ப எடுத்தார். ரெண்டு தடவையும் நியூசிலாந்து ரசிகர்களின் கோபம் அவர் மேலதான்.

எனக்கு இருந்த கேள்வி இதுதான். 28 வயசுல, உலகமே பார்த்துட்டு இருக்கிறப்ப ஒரு பெரிய தப்பைப் பண்ணின ஆள், 16 வருஷம் கழிச்சு அந்த விளையாட்டோட மிகப் பெரிய ஆட்டத்தை நடத்துற இடத்துக்கு எப்படி வந்தார்? அவரை ஏன் யாரும் வீட்டுக்கு அனுப்பலை? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப் போறோம்.

ரெஃப்ரியோட வேலை என்ன?

ரக்பி தெரியாதவங்களுக்கு ஒரு நிமிஷ அறிமுகம். ஒரு அணிக்கு 15 பேர், 80 நிமிஷம். பந்தைக் கையில் எடுத்துக்கிட்டு ஓடலாம், உதைக்கலாம். ஆனால் கையால் முன்பக்கம் எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் பாஸ் பண்ணணும். எதிரணியின் கோட்டைத் தாண்டி பந்தைத் தரையில் அழுத்தினால் அது ட்ரை, 5 பாயிண்ட். அதுக்கப்புறம் கம்பத்துக்கு நடுவே உதைச்சு இன்னும் 2 பாயிண்ட் எடுக்கலாம், அது கன்வெர்ஷன்.

நமக்குக் கிரிக்கெட் அம்பயரைத் தெரியும். அவர் ஒரு இடத்துல நிற்பார், பந்து அவர் பார்வைக்குள்ளேயே நடக்கும், ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் மூச்சு விட நேரம் இருக்கும். ரக்பி ரெஃப்ரிக்கு அந்த வசதி கிடையாது. 30 பேருக்கு நடுவே அவரும் ஓடணும். நூறு கிலோவுக்கு மேல இருக்கிற ஆளுங்க மோதுற இடத்துக்குச் சில அடி தள்ளி நின்னு பார்க்கணும்.

ஒரு உதாரணம் சொல்றேன். பந்தோட ஓடுறவரை ஒருத்தர் பிடிச்சுக் கீழே தள்ளுகிறார். ரெண்டு பக்கமும் ஆட்கள் வந்து பந்துக்கு மேலே முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இதுக்குப் பேர் ரக். அந்த ரெண்டு மூணு செகண்டுல ரெஃப்ரி பார்க்க வேண்டியவை: தள்ளினவர் ஆளை விட்டுட்டு நகர்ந்துட்டாரா? விழுந்தவர் பந்தை விட்டாரா? உதவிக்கு வந்தவங்க பின்பக்கமிருந்து நேரா வந்தாங்களா, பக்கவாட்டுல நுழைஞ்சாங்களா? வந்தவங்க கால் ஊன்றி நிற்கிறாங்களா, விழுந்து மறைக்கிறாங்களா? மத்த எல்லாரும் ஆஃப்சைடு கோட்டுக்குப் பின்னால இருக்காங்களா?

ஒரு ஆட்டத்துல இந்த மாதிரி நூறுக்கு மேல நடக்கும். கவனிச்சுப் பார்த்தா பெரும்பாலான ரக்கில் யாராவது ஒருத்தர் ஏதாவது ஒரு விதியை மீறித்தான் இருப்பார். எல்லாத்துக்கும் விசில் ஊதினா ஆட்டமே நடக்காது. அதனால இந்த மீறல் எதிரணிக்கு நிஜமாவே பாதிப்பைக் கொடுத்துச்சா என்று ரெஃப்ரி ஒவ்வொரு முறையும் முடிவு பண்ண வேண்டியிருக்கு. பாதிப்பு இல்லைன்னா "கையை எடு", "பின்னால போ" என்று சத்தம் போட்டே ஆட்டத்தை நகர்த்துவார். விதிப் புத்தகத்தில் 21 விதிகள்தான். அதைப் படிச்சு முடிக்கிறது சுலபம். எதை விடலாம், எதை விடக் கூடாது என்று தெரிஞ்சுக்கத்தான் பல வருஷம் ஆகுது.

இன்னொரு விஷயம். பெரிய ஆட்டங்களில் ரெஃப்ரியின் மைக் நேரடி ஒளிபரப்பிலேயே கேட்கும். அவர் வீரர்கள்கிட்ட என்ன சொல்றார், உதவி ரெஃப்ரிகள்கிட்ட என்ன கேட்கிறார், எந்த இடத்துல தயங்குறார், எல்லாமே வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவங்க காதுல விழும். நான் கோட் எழுதும்போது என் மனசுல ஓடுறதை யாராவது லைவா ஒலிபரப்பினா அன்னைக்கே வேலையை விட்டுடுவேன்.

பிரீம் கிராமத்துப் பையன்

வெய்ன் பார்ன்ஸ் 1979-ல் பிறந்தவர். இங்கிலாந்தில் க்ளாஸ்டர்ஷர் மாவட்டத்தில், ஃபாரஸ்ட் ஆஃப் டீன் காட்டுப் பகுதியில் இருக்கிற பிரீம் என்ற ஊர். அந்தப் பகுதியில் ரக்பிதான் விளையாட்டு. சின்ன வயசுல ஊர் கிளப்பில் ஆட ஆரம்பித்தவர், 15 வயசிலேயே விசிலைக் கையில் எடுத்தார்.

இங்கிலாந்தில் இந்த வேலைக்கு ஒரு ஏணி இருக்கு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ரெஃப்ரி சங்கம் உண்டு. பயிற்சி வகுப்பு முடிச்சதும், சனிக்கிழமை மதியம் ஏதோ ஒரு ஊர்ச் சேற்று மைதானத்துக்கு அனுப்புவாங்க. கோட்டுக்கு வெளியே முப்பது நாற்பது பேர் நிற்பாங்க, பாதிப் பேர் உங்களைத் திட்டுவாங்க. அப்பப்போ சங்கத்திலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்து ஓரமா நின்னு குறிப்பெடுப்பார். அந்தக் குறிப்பு நல்லா இருந்தா அடுத்த நிலை ஆட்டம். அங்கேயும் நல்லா பண்ணினா அதுக்கும் அடுத்தது. நேரடியா மேலே போய் உட்கார வழி கிடையாது.

பார்ன்ஸ் இந்த ஏணியில் வேகமா ஏறினார். கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துக்கொண்டே ஆட்டங்களை நடத்தினார். 2001-ல், 21 வயசில், இங்கிலாந்தின் தேசிய ரெஃப்ரி குழுவுக்குத் தேர்வானார். பிறகு பாரிஸ்டராகப் பதிவு செய்து கிரிமினல் வழக்குகளில் வாதாடினார். 2005-ல் முழுநேரத் தொழில்முறை ரெஃப்ரியானார். 2006-ல் முதல் சர்வதேச ஆட்டம். அடுத்த வருஷமே உலகக் கோப்பைக்கு அழைப்பு.

வக்கீல் வேலையை அவர் மொத்தமா விடவும் இல்லை. ஏன்னா ரெஃப்ரி வேலையில் ஒப்பந்தம் வருஷக் கணக்குலதான். தசைப் பிடிப்பு, முழங்கால் வலி, ஒரு சீசன் மோசமான மதிப்பீடு, எதுல வேணும்னாலும் முடிஞ்சு போகலாம்.

கார்டிஃப், 2007

இப்போ அந்த ஆட்டத்துக்கு வருவோம். நியூசிலாந்துதான் கோப்பையை ஜெயிக்கும் என்று எல்லாரும் நினைத்த வருஷம் அது. இடைவேளையில் அவர்கள் 13-3 என்று முன்னிலை. அப்புறம் பிரான்ஸ் கொஞ்சம் கொஞ்சமா நெருங்கி வந்தது. ஆட்டம் முடிய சுமார் பத்து நிமிஷம் இருக்கும்போது நியூசிலாந்து 18, பிரான்ஸ் 13.

அப்போ பிரான்ஸின் டாமியன் ட்ரெய்ல், ஓடிவந்த ஃப்ரெடரிக் மிஷலாக்குக்கு ஒரு பாஸ் கொடுக்கிறார். மிஷலாக் பந்தோட பறக்கிறார், கடைசியில் யானிக் ஜோசியோன் ட்ரை அடிக்கிறார். கன்வெர்ஷனும் உள்ளே போகிறது. 20-18. அப்படியே ஆட்டம் முடிகிறது. நியூசிலாந்து அதுவரை எந்த உலகக் கோப்பையிலும் அரையிறுதிக்கு முன்னாடி வெளியே போனதே இல்லை.

ட்ரெய்ல் கொடுத்த அந்த பாஸ் முன்பக்கம் போயிருந்தது. ரீப்ளேயில் பார்த்தால் தெளிவாகவே தெரிகிறது. விசில் வந்திருக்கணும், ட்ரை கிடையாது. பார்ன்ஸ் கவனிக்கலை.

இதை எப்படி ஒருத்தர் விடுவார்னு கேட்கலாம். இங்கே கொஞ்சம் ஃபிசிக்ஸ் இருக்கு, இஞ்சினியரிங் படிச்ச பாவத்துக்கு இதையாவது சொல்லிடறேன். ஓடுற பஸ்ஸிலிருந்து ஒரு பந்தைப் பின்பக்கமா லேசா எறிஞ்சா, ரோட்டுல நிற்கிறவருக்கு அந்தப் பந்து முன்னாடி போறதாத்தான் தெரியும். பஸ்ஸின் வேகம் பந்துக்கும் இருக்குமில்லையா. ரக்பியிலும் அதேதான். ஒருத்தர் செகண்டுக்கு 8 மீட்டர் வேகத்துல ஓடிக்கிட்டே, பின்னால 2 மீட்டர் வேகத்துல பாஸ் கொடுத்தா, தரையைப் பொறுத்தவரை பந்து 6 மீட்டர் வேகத்தில் முன்னாடிதான் போகும். ஆனா அது சரியான பாஸ். அதனால ரெஃப்ரி பந்து விழுந்த இடத்தைப் பார்க்கக் கூடாது, கொடுத்தவரின் கை எந்தப் பக்கம் போச்சு என்று பார்க்கணும். அதுவும் பின்னாலிருந்து ஓடிவந்துகொண்டே, நடுவில் நாலு ஆள் மறைச்சுக்கிட்டு இருக்கும்போது. ட்ரெய்லின் பாஸை இந்தக் கணக்கு காப்பாத்தாது, அது முன்னாடி போனதுதான். ஆனா கண் ஏன் ஏமாறும்னு இதிலிருந்து புரியும்.

அப்போ டி.எம்.ஓ. இல்லையா? இருந்தார். டி.எம்.ஓ. என்றால் டிவி பார்த்து உதவுகிற அதிகாரி, நம்ம தேர்ட் அம்பயர் மாதிரி. ஆனால் 2007-ன் விதிப்படி, ட்ரை கோட்டில் பந்து ஒழுங்காத் தரையில் பட்டதா என்பது போன்ற விஷயங்களுக்கு மட்டுமே அவரைக் கேட்க முடியும். அதுக்கு முன்னாடி மைதானத்தின் நடுவே நடந்த ஒரு பாஸைப் பார்க்க அவருக்கு அதிகாரம் கிடையாது. வீட்டில் சோஃபாவில் உட்கார்ந்திருந்தவருக்கு ரீப்ளே இருந்தது. முடிவெடுக்க வேண்டியவருக்கு இல்லை.

அடுத்து நடந்தது அசிங்கம். நியூசிலாந்தில் அவர் பேர் கெட்ட வார்த்தை மாதிரி ஆனது. இணையத்தில் வசவு, கொலை மிரட்டல். 28 வயசு. நான் இப்போ கிட்டத்தட்ட அந்த வயசுலதான் இருக்கேன், அதனாலேயே இந்த இடத்தில் கொஞ்சம் நின்னுட்டேன்.

என் ராத்திரி ஒண்ணு

என் கதை ஒண்ணு சொல்றேன், அளவுல ஒப்பிடவே முடியாது, சும்மா புரியறதுக்காக. வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வருஷம். அப்போ வேலை பார்த்த கம்பெனியில் ஒரு ராத்திரி நான் ஓட்டின ஸ்க்ரிப்ட்ல ஒரு கண்டிஷன் தப்பு. நிறைய கஸ்டமர்களுக்கு ஒரே பில் ரெண்டு தடவை போயிடுச்சு. விடியக்காலை மூணு மணிக்குக் கால். மேனேஜர் முதல்ல கேட்ட கேள்வி, "யார் ஓட்டினது?"

என் கை நடுங்கிட்டு இருந்தது. எங்க டீம்ல சீனியர் அக்கா ஒருத்தங்க கால்ல இருந்தாங்க. அவங்க சொன்னாங்க: "பேரை அப்புறம் எழுதிக்கலாம். முதல்ல எத்தனை மணிக்கு என்ன நடந்துச்சுன்னு எழுது." எழுதினேன். எழுதும்போதுதான் தெரிஞ்சது, அந்த ஸ்க்ரிப்டை டெஸ்ட் டேட்டாவுல ஓட்டிப் பார்க்க வழியே இல்லாம வச்சிருந்தாங்க. தப்பு என்னுதுதான், அதுல சந்தேகமே இல்லை. ஆனா என்னை மட்டும் அனுப்பிட்டு இன்னொருத்தரை அந்த நாற்காலியில் உட்கார வச்சிருந்தா, அதே கண்டிஷனை அவரும் ஒருநாள் தப்பா எழுதியிருப்பார்.

பார்ன்ஸ் விஷயத்திலும் ரக்பி உலகம் கடைசியில் இதைத்தான் செய்தது. தொழில்முறை ரெஃப்ரிகளுக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிறகு மதிப்பாய்வு உண்டு. ஊதின விசிலும் ஊதாமல் விட்டதும் வீடியோவில் ஓட்டிப் பார்க்கப்படும். எங்கே நின்னிருந்தா அது தெரிஞ்சிருக்கும், உதவி ரெஃப்ரிகிட்ட எப்போ கேட்டிருக்கணும் என்று உட்கார்ந்து பேசுவார்கள். பார்ன்ஸை வெளியே அனுப்பவில்லை. தொடர்ந்து ஆட்டம் கொடுத்தார்கள், தொடர்ந்து மதிப்பிட்டார்கள். விதியும் மாறியது. 2012-க்குப் பிறகு, ட்ரைக்கு முன்னால் நடந்த தவறுகளையும் டி.எம்.ஓ. பார்க்கலாம் என்று படிப்படியாக அதிகாரம் விரிந்தது.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. நியூசிலாந்தும் இதையேதான் பண்ணுச்சு. 2007-ல் தோற்ற கோச் கிரஹாம் ஹென்றியை எல்லாரும் தூக்கச் சொன்னாங்க, தூக்கலை. அதே ஹென்றி 2011-ல் அதே பிரான்ஸை இறுதியில் 8-7 என்று தோற்கடிச்சுக் கோப்பையைக் கொடுத்தார்.

காத்திருப்பு

அதுக்கப்புறம் பார்ன்ஸுக்கு 2011, 2015, 2019 என்று உலகக் கோப்பைகள் வந்துகொண்டே இருந்தன. 2011-லும் 2019-லும் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தை நடத்தினார். இறுதி ஆட்டம் மட்டும் கைக்கு வரவே இல்லை.

ஒரு காரணம் அவர் பாஸ்போர்ட். தன் நாடு விளையாடுற ஆட்டத்தை ஒருத்தர் நடத்த முடியாது. 2019-ல் இங்கிலாந்து இறுதிக்குப் போனது, அதோட அவர் வாய்ப்பும் போனது. தன் வேலையோட உச்சத்தைத் தொடணும்னா சொந்த நாடு தோற்கணும். வேற எந்தத் தொழில்ல இப்படி இருக்கு சொல்லுங்க?

2023 அக்டோபர் 21, அரையிறுதி. இங்கிலாந்தைத் தென்னாப்பிரிக்கா 16-15 என்று ஒரே பாயிண்டில் தோற்கடித்தது. பார்ன்ஸுக்கு வழி திறந்தது. அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் அயர்லாந்து, நியூசிலாந்து காலிறுதியை நடத்தியிருந்தார். கடைசியில் அயர்லாந்து 37 முறை தொடர்ந்து மோதி மோதி முன்னேறப் பார்த்த ஆட்டம் அது. அந்த 37-லும், ஒவ்வொரு தடவையும், நான் முன்னாடி சொன்ன கேள்விகளை எல்லாம் அவர் கேட்டுக்கணும். ஒரு விசில் தப்பா ஊதினாலும் ஒரு நாடு வீட்டுக்குப் போகும்.

இடையில் இன்னொருவர்

இறுதிக்குப் போறதுக்கு முன்னாடி கிரெய்க் ஜூபேர் பத்திச் சொல்லணும். தென்னாப்பிரிக்க ரெஃப்ரி, 2011 இறுதியை நடத்தியவர். 2015 காலிறுதியில் ஸ்காட்லாந்து ஆஸ்திரேலியாவை ஜெயிக்கும் நிலையில் இருந்தது. கடைசி நிமிஷங்களில் அவர் ஸ்காட்லாந்துக்கு எதிரா ஒரு பெனால்டி கொடுத்தார். ஆஸ்திரேலியா அதை உள்ளே உதைத்து 35-34 என்று ஜெயித்தது. விசில் ஊதியதும் ஜூபேர் யாருக்கும் கை கொடுக்காமல் ஓடி உள்ளே போய்விட்டார். பெனால்டிக்கு முன்னால் பந்து ஒரு ஆஸ்திரேலிய வீரர் மேல் பட்டிருந்தது, அதனால் அது பெனால்டி இல்லை, ஸ்க்ரம்தான். ஆனால் அந்த மாதிரி முடிவுக்கு டி.எம்.ஓ.வைக் கேட்க அன்னைக்கு விதியில் இடம் இல்லை.

மறுநாளே உலக ரக்பி அமைப்பு, முடிவு தவறு என்று பகிரங்கமாக அறிக்கை விட்டது. வெளிப்படையா இருக்கணும்தான், ஒத்துக்கறேன். ஆனா கேட்கவே அனுமதி இல்லாத ஒரு விஷயத்துக்கு ஒருத்தர் பேரை மட்டும் போட்டு அறிக்கை விட்டா, அது எங்க மேனேஜர் கேட்ட அதே "யார் ஓட்டினது?"தான். சக ரெஃப்ரிகளுக்கு அதிலிருந்து என்ன பாடம் போயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

பாரிஸ், 2023

இப்போ இறுதி ஆட்டம். மழை, ஈரப் பந்து. இந்தத் தடவை பார்ன்ஸ் தனியா இல்லை. டி.எம்.ஓ. இருக்கார். அதுக்கும் மேலே பங்கர் என்று ஒரு புது ஏற்பாடு. மோசமான மோதல் என்று தெரிந்தால் ரெஃப்ரி மஞ்சள் அட்டை காட்டி ஆளை வெளியே அனுப்புவார். வேறொரு அறையில் இருக்கும் அதிகாரி 8 நிமிஷத்துக்குள் வீடியோ பார்த்து, அது மஞ்சளாகவே இருக்கட்டுமா சிவப்பா என்று சொல்வார்.

நியூசிலாந்து கேப்டன் சாம் கேன் எதிராளியின் தலையில் மோதினார். மஞ்சள். பங்கர் அதைச் சிவப்பாக்கியது. ஆண்கள் உலகக் கோப்பை இறுதியில் சிவப்பு அட்டை வாங்கிய முதல் வீரர் அவர். இரண்டாம் பாதியில் தென்னாப்பிரிக்கக் கேப்டன் சியா கொலிசிக்கும் மஞ்சள். பங்கர் பார்த்தது, இது மஞ்சளாகவே இருக்கட்டும் என்றது. ஒருத்தருக்குச் சிவப்பு, இன்னொருத்தருக்கு மஞ்சளா என்று சண்டை கிளம்பியது. இரண்டிலும் கடைசி முடிவு பார்ன்ஸுடையது இல்லை. ஆனா டிவியில் தெரிஞ்சது அவர் முகம், கேட்டது அவர் குரல்.

அப்புறம் அந்த ட்ரை. நியூசிலாந்தின் ஆரன் ஸ்மித் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தார். பார்ன்ஸ் ட்ரை கொடுத்தார். டி.எம்.ஓ. டாம் ஃபோலி காதில் பேசினார்: முன்னாடி லைன்அவுட்டில் நியூசிலாந்து வீரர் கையில் பட்டுப் பந்து முன்னால் தவறியிருக்கு. வீடியோ பார்த்தார்கள். உண்மைதான். ட்ரை ரத்து.

ஆனா இங்கே ஒரு சிக்கல். டி.எம்.ஓ. எவ்வளவு தூரம் பின்னால் போகலாம் என்பதற்கு விதியில் ஒரு எல்லை இருந்தது, இரண்டு கட்டம் வரைக்கும்தான். லைன்அவுட் அதுக்கும் முன்னாடி நடந்தது. அதாவது, நடந்த தவறு உண்மை, ஆனால் அதைப் பார்த்திருக்கவே கூடாது என்ற வாதம். சில நிமிஷம் கழித்து நியூசிலாந்து வேறொரு ட்ரை அடித்தது. கன்வெர்ஷன் போகவில்லை. கடைசியில் ஒரு நீளமான பெனால்டியும் போகவில்லை. 12-11.

இப்போ ரெண்டு ஆட்டத்தையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. 2007-ல் தவறைக் கேமரா பிடிச்சுது, விதி பார்க்க விடலை, கோபம் வந்துச்சு. 2023-ல் தவறைக் கேமரா பிடிச்சுது, பார்த்தாங்க, ஏன் பார்த்தீங்கன்னு கோபம் வந்துச்சு. ரெண்டுமே நியாயமான கேள்விதான். நாங்க சாஃப்ட்வேர் ஆளுங்க, ஒரு டூல் போட்டா பிரச்சினை தீர்ந்துடும்னு நம்புறவங்க. டி.ஆர்.எஸ். வந்த பிறகும் அம்பயர்ஸ் கால் பத்தி நாம சண்டை போடறோமே, அதே கதைதான் இங்கேயும். கேமரா எங்கே வரைக்கும் பார்க்கணும், எதைப் பெரிசா எடுத்துக்கணும் என்று யாரோ ஒரு மனுஷன் முடிவு பண்ணித்தான் ஆகணும். பழைய தவறுகள் நிறைய குறைஞ்சிருக்கு, அதை மறுக்க முடியாது. ஆனா சண்டை குறையலை.

அடுத்து யார் வருவாங்க?

இறுதி முடிஞ்சு அஞ்சாவது நாள், 2023 நவம்பர் 2, பார்ன்ஸ் ஓய்வு அறிவித்தார். மொத்தம் 111 சர்வதேச ஆட்டம், அதுவரை வேறு யாரும் தொடாத எண்ணிக்கை. அந்த அறிவிப்பில் தன் குடும்பம் பட்ட கஷ்டத்தைப் பத்திப் பேசினார். இணைய வசவும் மிரட்டலும் ரொம்ப வழக்கமா ஆகிவிட்டது என்றும், ரெஃப்ரிகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் துணையாக ஒரு குரல் வேணும், அதற்காக வேலை செய்யப் போகிறேன் என்றும் சொன்னார். சும்மா சொல்லலை. ஒரு வருஷம் முன்னாடி, 2022 நவம்பரில், பிரான்ஸ், தென்னாப்பிரிக்கா ஆட்டத்துக்குப் பிறகு அவர் மனைவிக்கே மிரட்டல் போயிருந்தது. அந்த ஆட்டத்து முடிவுகளைக் குறித்து சமூக ஊடகத்தில் பதிவு போட்டதுக்காக தென்னாப்பிரிக்க அணியின் ராஸி எராஸ்மஸுக்கு இரண்டு ஆட்டத் தடை விதிக்கப்பட்டது.

டாம் ஃபோலியும் இறுதிக்குப் பிறகு வந்த வசவைத் தாங்க முடியாமல் சர்வதேச ஆட்டங்களிலிருந்து விலகினார். லைன்அவுட்டில் பந்து தவறியதை அவர் சரியாத்தான் பார்த்தார்.

எனக்கு உறுத்துறது இந்த இடம்தான். பார்ன்ஸை 2007-க்குப் பிறகு வச்சுக்கிட்டதாலதான் உலக ரக்பிக்கு 2023-ல் ஒரு அனுபவமுள்ள ரெஃப்ரி கிடைச்சார். அதுக்கு ரெண்டு விஷயம் வேண்டியிருந்தது. தப்பை ஒத்துக்கிட்டு உட்கார்ந்து பார்க்கிற ஒரு அமைப்பு, வசவைத் தாங்கிட்டு அடுத்த சனிக்கிழமை திரும்ப மைதானத்துக்குப் போற ஒரு ஆள். முதலாவதை விதி எழுதி உருவாக்கிடலாம். ரெண்டாவது, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மொபைலிலும் என்ன டைப் பண்றோம் என்பதைப் பொறுத்தது. பிரீம் மாதிரி ஏதோ ஒரு ஊரில் இன்னைக்கு ஒரு 15 வயசுப் பிள்ளை விசிலைக் கையில் எடுத்துக்கிட்டு நிற்கும். அவங்க அம்மா அப்பா இந்தச் செய்தியெல்லாம் படிச்சிட்டு, "இது வேணாம்பா"ன்னு சொன்னா, அவங்களைத் தப்பு சொல்ல முடியுமா?

அடுத்த தடவை ஐ.பி.எல். பார்க்கும்போது அம்பயர் ஒரு தப்பான எல்.பி. கொடுத்தா, கத்துங்க, நானும் கத்துவேன். அவர் பேரைத் தேடி மெசேஜ் அனுப்புறதுக்கு முன்னாடி மட்டும், உங்க வேலையில் நீங்க பண்ணின ஒரு தப்பை நினைச்சுப் பாருங்க. அன்னைக்கு உங்களுக்கு ஒருத்தராவது "முதல்ல என்ன நடந்துச்சுன்னு எழுது"ன்னு சொல்லியிருந்தா, நீங்க கொடுத்து வச்சவங்க. யாரும் சொல்லலைன்னா, அந்த அனுபவத்தை எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த மாசம் அதுக்குன்னே ஒரு எபிசோடு பண்ணலாம்னு இருக்கேன்.

இன்னைக்கு இவ்வளவுதான். அடுத்த வாரம் பார்ப்போம்.